'கன்னி' என்னும் வேட்டைநாய்ப் பெயர்: பொருளும் வழக்கும்

1. ஆய்வுப் பொருள்

தமிழகத்து நாட்டு வேட்டைநாய்களுள் இராசபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி என்னும் நான்கும் இன்று பெயர்பெற்று விளங்குவன. இவற்றுள் முதல் மூன்றும் ஊர்ப்பெயர்கள் என்பது கேட்ட அளவிலேயே விளங்கும். நான்காவதாகிய 'கன்னி' ஒன்றே பொருள் விளக்கம் வேண்டி நிற்பது.

தாம்பரம், சேலையூர், பெருங்களத்தூர், வண்டலூர் எனச் சென்னையின் தென்புறநகர் நெடுகிலும் இந்நாய்களை இன்று மனைகளில் வளர்க்கின்றனர். அவற்றை வளர்ப்போரிடையே இப்பெயருக்கு வழங்கும் விளக்கம் பெரும்பாலும் ஒன்றே. 'கன்னி என்பது மணமாகாத பெண்ணைக் குறிக்கும். மணமகளுக்குப் பிறந்தகத்தார் சீராகக் கொடுத்தனுப்பிய நாய் ஆதலின் இப்பெயர் பெற்றது' என்பதே அது. 'கன்னி என்றால் தூய்மை. இனக்கலப்பற்ற நாய் என்பது கருத்து' என்று கூறுவாரும் உளர். கேட்போர்க்கு இனிமை பயப்பனவாய் இருத்தலின் இவ்விளக்கங்கள் எழுத்திலும் ஏறிவிட்டன.

இவை பொருந்துவனவா என்று ஆராய்தலும், 'கன்னி' என்பது பெண்ணையோ தூய்மையையோ குறித்து எழுந்த பெயரன்று, விலங்கின் உடலில் அமைந்த நிறக்குறியைக் குறித்து எழுந்த பெயரே என்று காட்டுதலும் இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒரு நாயின் பெயரை ஆராய்வதனால் ஆவதென்ன என்று வினவலாம். கன்னி வேறோர் இனமா, சிப்பிப்பாறை நாயின் ஒரு நிறவகையா என்னும் வினா நாய் வளர்ப்போரிடையே இன்றும் வழக்காடப்படுகிறது. அவ்வழக்கில் பெயரின் பொருளும் ஒரு சான்றாக எடுத்துக் காட்டப்படுகிறது. ஆதலின் அச்சான்றின் வன்மை மென்மைகளை ஆய்ந்து கூறுதல் மொழியாராய்வார் கடனாகும்.

2. ஊர்ப்பெயரால் அமைந்தவை

பண்டைத் தமிழில் நாய்க்கு ஞமலி, ஞாளி என்னும் பெயர்களும் வழங்கின. வேட்டுவர் நாயொடு சென்று விலங்கு படுத்த செய்தியைச் சங்கப்பாடல்கள் பலவற்றில் காண்கிறோம். ஆண்டு நாயின் சிறப்பியல்பு அடைமொழியால் உணர்த்தப்படும். சினமுடைய நாயைக் கதநாய் என்றல் போல்வன காண்க. இன்று வழங்கும் இனப்பெயர்களோ இயல்பை விடுத்து ஊரைப் பற்றி அமைந்தவை.

இராசபாளையம் விருதுநகர் மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையை அடுத்துள்ள நகர். சிப்பிப்பாறை அம்மாவட்டத்துச் சிற்றூர். கோம்பை தேனி மாவட்டத்தில் உத்தமபாளையத்தை அடுத்து மலையடிவாரத்தில் அமைந்த ஊர். 'நாய்' என்னும் சொல்லை விடுத்து 'இராசபாளையம் குரைத்தது' என்று ஒருவர் கூறினால், ஆண்டு ஊர்ப்பெயர் அவ்வூர் நாய்க்கு ஆகி வந்தமையின் அஃது இடவாகுபெயராம்.

ஈண்டு நுணுகி நோக்கத்தக்க வழக்கு ஒன்று உண்டு. மகர ஈற்றுப் பெயர் வேற்றுமைப் பொருளில் அத்துச்சாரியை பெறுதல் தமிழ் மரபு. மதுரைப்பக்கத்துக்காரர் ஒருவர் 'இராசபாளையத்து நாய்' என்றால், அவ்வூரில் உள்ள நாய், அஃது எவ்வினத்ததாயினும் ஆகுக, என்பதே பொருள். 'இராசபாளையம் நாய்' என்று சாரியையின்றிக் கூறினால், அவ்வினத்து நாய் என்பது பொருள். அது தாம்பரத்தில் பிறந்து தாம்பரத்தில் வளர்ந்ததாயினும் இராசபாளையமே. முன்னதில் ஊர் ஊராகவே நிற்கிறது. பின்னதில் ஊர்ப்பெயர் இனப்பெயராய் இறுகிவிட்டது. எழுதப்பெறாத இவ்விதியைப் பேசுவோர் தம்மையறியாமலே போற்றி வருகின்றனர். சிப்பிப்பாறை, கோம்பை என்பன ஐகார ஈற்றுச் சொற்கள். அத்துச்சாரியைக்கு அவற்றில் இடமில்லை. ஆகவே அவற்றில் இவ்வேறுபாடு வெளிப்படுவதில்லை.

ஊரன்றி உடையவராற் பெயர்பெற்ற நாயும் உண்டு. ஆங்கிலேயர் எழுத்துகளில் வரும் 'பாலிகர் நாய்' என்பது பாளையக்காரர் நாய் என்பதன் திரிபாகும். எனவே நாய்ப்பெயர்கள் இடம்பற்றியும் உடைமைபற்றியும் அமைந்தமை தெளிவு. 'கன்னி' இவ்விரண்டனுள் எதிலும் அடங்காது. அஃது எவ்வகையினது என்பதே இனி ஆராயற்பாலது.

3. 'மணமகள் நாய்' என்னும் விளக்கம்

மகளை மணம்செய்து கொடுக்கும்போது ஆடு, மாடு முதலிய உயிருடைமைகளைச் சீராகக் கொடுத்தல் வேளாண் குடிகளின் வழக்கம். நாயையும் கொடுத்திருத்தல் கூடும். அதனை மறுக்க வேண்டுவதில்லை. ஆயினும் ஒரு பொருளை மணமகளுக்குக் கொடுத்தல் வேறு. அப்பொருள் மணமகளின் பெயரைப் பெறுதல் வேறு. சீராகச் செல்லும் பசு கன்னிப்பசு ஆகவில்லை. சீராகச் செல்லும் குத்துவிளக்கும் அப்பெயர் பெறவில்லை. நாய் ஒன்று மட்டும் அவ்வாறு பெற்றது என்பதற்குத் தனிக் காரணம் காட்டப்படவில்லை.

வழக்கு நோக்கினும் இவ்விளக்கம் இடர்ப்படும். கன்னி இனத்து ஆண் நாயும் கன்னியே எனப்படுகிறது. பலமுறை குட்டி ஈன்ற தாய் நாயும் கன்னியே எனப்படுகிறது. பெண்மையையும் மணமின்மையையும் பொருளாகக் கொண்ட ஒரு சொல் ஆணுக்கும் ஈன்ற தாய்க்கும் தடையின்றி வழங்குதல் இயல்பன்று. 'கன்னிப்பேச்சு', 'கன்னிமுயற்சி' முதலிய தொடர்களில் கன்னி என்பது பால் காட்டாது நிற்பது உண்மை. ஆண்டெல்லாம் 'முதன்முதல் நிகழ்வது' என்னும் பொருள் தெளிவாக உள்ளது. நாயின் பெயரில் அப்பொருளும் இல்லை.

தூய்மை என்னும் பொருளும் நில்லாது. இனத்தூய்மை கருதிய பெயராயின், அது நான்கு நாய்களுக்கும் பொதுவாதல் வேண்டும். கலப்பற்ற சிப்பிப்பாறை நாயைக் கன்னி என்று எவரும் கூறார். கருநிறமுடைய ஒருவகைக்கு மட்டும் அப்பெயர் வரையறுக்கப்பட்டிருத்தலே அதன் பொருள் வேறு என்பதைக் காட்டும்.

4. மரபியல் கூறும் பெண்பெயர்கள்

விலங்கின் பெண்பாற் பெயர்களைத் தமிழர் எத்துணை நுட்பமாக வகுத்திருந்தனர் என்பதைத் தொல்காப்பிய மரபியல் காட்டும். பேடை, பெடை, பெட்டை, பெண், மூடு, நாகு, கடமை, அளகு, மந்தி, பாட்டி, பிணை, பிணவு, பிடி எனப் பெண்மைப் பெயர்கள் 13 ஆண்டு தொகுத்துரைக்கப்படுகின்றன. அவற்றுள் இன்ன பெயர் இன்ன விலங்குக்குரியது என்னும் வரையறையும் உண்டு. பாட்டி என்னும் பெயர் பன்றிக்கும் நாய்க்கும் உரியது. நரிக்கும் அது பொருந்தும். பிணவு என்பது பன்றி, புல்வாய், நாய் என்னும் மூன்றற்கும் உரியது. நாயின் இளமைக்குக் குருளை, குட்டி, பறழ் என்னும் பெயர்கள் வேறாகக் கூறப்பட்டுள்ளன.

இப்பட்டியலில் கன்னி இல்லை. ஈனாத இளம்பெண் விலங்கைச் சுட்டுதற்கு ஒரு சொல் வேண்டியிருந்த இடத்தில் 'நாகு' நின்றது. எருமை, மரை, பெற்றம் என்பவற்றிற்கு அது வழங்கிற்று. பிற்கால வழக்கில் கிடாரி என்னும் சொல் அவ்விடத்தைப் பெற்றது. ஒரு நூலில் இல்லாமை ஒன்றே பிற்கால வழக்கை மறுக்கும் சான்றாகாது என்பது மெய்யே. ஆயினும் விலங்கின் இளமகளை 'கன்னி' என்று மக்கட் பெயரால் வழங்குதல் தமிழின் பெருவழக்கு அன்று என்பதை இது வலியுறுத்தும். ஆகவே கன்னி என்னும் பெயரைப் பெண்பாற் பெயர்களிடையே தேடுதல் வீண்; வேறிடத்தில் தேடுதல் வேண்டும்.

5. கன்னி ஆடு தரும் சான்று

அவ்வேறிடம் தொலைவில் இல்லை. கன்னி நாய் வழங்கும் அதே கரிசல் நிலத்தில், விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களில், 'கன்னி ஆடு' என்னும் வெள்ளாட்டினம் ஒன்று வளர்க்கப்படுகிறது. உயர்ந்த உடலும் கருநிறமும் உடையது அது. கொம்பின் அடியிலிருந்து முகவாய் வரை முகத்தின் இருமருங்கும் இரண்டு கோடுகள் இறங்கும். செவியிலும் அடிவயிற்றிலும் காலின் உட்புறத்திலும் அக்கோட்டின் நிறமே காணப்படும். அந்நிறம் வெண்மையாயின் 'பால்கன்னி', செம்பழுப்பாயின் 'செங்கன்னி'. இவ்விருவகைப் பெயரும் ஆட்டிடையர் வழக்கிலும் கால்நடை நூல்களிலும் நிலைபெற்றவை.

பால்கன்னி, செங்கன்னி என்னும் இத்தொடர்களே இவ்வாராய்ச்சியின் அச்சாணி எனலாம். பால் என்பதும் செம்மை என்பதும் நிற அடைகள். அவ்வடைகள் தழுவும் கன்னி என்பது ஒரு பெண்ணாயின், 'பால் போன்ற மணமகள்', 'சிவந்த மணமகள்' என்று பொருள்படும். கருநிற ஆட்டுக்கு அப்பொருள் சிறிதும் ஒவ்வாது. கன்னி என்பது 'கரிய உடலில் வேறுநிறக் குறி அமைந்த தோற்றம்' எனக் கொண்டால், குறி வெண்மையானது பால்கன்னி, குறி செம்மையானது செங்கன்னி எனப் பொருள் தடையின்றிச் செல்லும். கிடாயையும் இடையர் கன்னிக்கிடாய் என்று இயல்பாகக் கூறுவர். நிறப்பெயர் இருபாற்கும் பொதுவாதலின் அதில் முரண் இல்லை.

அந்நிலத்து வழக்கிலேயே இதற்கு ஒப்புமையும் உண்டு. கொடி ஆடு என்னும் மற்றொரு வெள்ளாட்டினத்தில் வெண்ணிற உடலில் கருமை விரவியதைக் 'கரும்போரை' என்றும், செம்மை விரவியதைச் 'செம்போரை' என்றும் வகுப்பர். மாட்டில் பெருந்திட்டுகளை மறை எனக் கொண்டு கருமறை, செம்மறை என்பர். கன்னி, போரை, மறை என்னும் மூன்றும் ஒரே அமைப்பின. குறியின் வகையைப் பெயர்ச்சொல் உணர்த்தும். குறியின் நிறத்தை அடை உணர்த்தும். இவ்வமைப்பில் கன்னியை மட்டும் பிரித்தெடுத்து மகளிர்ப் பெயர் என்றல் ஒரு கோவையில் நடுமணியை மட்டும் பிடுங்குதல் போலாம்.

இனி நாயை நோக்குவோம். கன்னி எனப்படும் நாயின் உடல் கரியது. கண்ணுக்கு மேலே இரு புள்ளிகள், முகவாயின் இருமருங்கு, மார்பு, கால்கள் ஆகிய இடங்களில் செம்பழுப்போ வெளிறிய மஞ்சளோ அமைந்திருக்கும். நாய்க்கும் 'பால்கன்னி' என்னும் பெயர் வழங்குகிறது. வெளிறிய நிறம் கருதியது அப்பெயர். மேற்புறம் கருமை, முகக்குறியும் கீழ்ப்புறமும் வேறுநிறம் என்னும் அமைப்பு ஆட்டுக்கும் நாய்க்கும் பொதுவாதல் வெளிப்படை. ஆடு மேய்ப்பவனும் முயல் வேட்டைக்கு நாயொடு செல்பவனும் பெரும்பாலும் ஒருவனே. அவன் தன் ஆட்டில் கண்ட நிறத்தைத் தன் நாயிலும் கண்டு, ஒரே சொல்லால் இரண்டையும் வழங்கினான் என்று கொள்ளுதலே எளிதும் பொருத்தமும் ஆகும்.

இக்காட்சி வெறுங் கண்மயக்கும் அன்று. விலங்கின் மயிரில் கருநிறமியும் செம்மஞ்சள் நிறமியும் எவ்வெவ்விடத்தில் அமைதல் வேண்டும் என்பதை ஆளும் மரபணுக்களுள் 'அகூட்டி' எனப்படுவது தலைமையானது. நாயின் கருமை-பழுப்பு அமைப்பும் வெள்ளாட்டின் பலவகைக் குறியமைப்புகளும் அம்மரபணுவின் வேறுபாடுகளால் நிகழ்வன என்பது இக்கால உயிரியல் முடிபு. இடையன் கண்ணால் கண்டு ஒருபெயரிட்டது, அறிவியலார் ஆய்ந்து ஒருதலைப்பில் அடக்கியதோடு ஒத்திருத்தல் மகிழ்தற்குரியது.

6. நிறத்தாற் பெயரிடும் மரபு

நிறத்தால் விலங்குக்குப் பெயரிடும் முறை தமிழில் புதுவதன்று. முல்லைக்கலியில் ஏறுதழுவற் பாட்டுகளுள் காளைகள் காரி, வெள்ளை, சே, புகர் என நிறத்தாலேயே சுட்டப்படுகின்றன. இன்றும் கொங்கு நாட்டார் காங்கேய மாடுகளை மயிலை, பிள்ளை, செவலை, காரி என வகுப்பர். காரி என்பது கார் என்னும் பண்பின் அடியாகத் தோன்றி, அப்பண்பையுடைய விலங்குக்கு ஆயிற்று. செவலையும் அத்தகையதே.

இவ்வரிசையில் 'பிள்ளை' என்னும் பெயர் தனிக்கவனத்திற்கு உரியது. காங்கேய மாட்டில் பிள்ளை என்பது வெண்மை சார்ந்த நிறவகையின் பெயர். சிப்பிப்பாறை நாயிலும் சந்தனப்பிள்ளை என ஒரு நிறவகை உண்டு. இடம் அறியாதார் இப்பெயரைக் கேட்டால் மகவு என்னும் பொருளைக் கொள்வர். இடையரும் உழவரும் நிறம் என்றே கொள்வர். கன்னியின் நிலையும் இதுவே. மக்கட்பெயர் போலத் தோன்றி நிறப்பெயராய் நிற்கும் சொல் கால்நடை வழக்கில் கன்னி ஒன்றே அன்று என்பதைப் பிள்ளை காட்டுகிறது.

ஆகவே இலக்கணவகையால் கூறின், இராசபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை என்பன இடவாகுபெயர்; கன்னி என்பது பண்பாகுபெயர். நான்கினையும் ஒருங்கு வைத்து 'நான்கு இனம்' என எண்ணும்போது, இருவேறு அளவையாற் பெற்ற பெயர்களை ஓரளவையாற் பெற்றன போல் எண்ணுகிறோம் என்பதை மறத்தலாகாது.

7. சொற்பிறப்பு

நிறப்பொருள் கொண்ட கன்னி எவ்வேரிலிருந்து தோன்றியது? மகளிரைக் குறிக்கும் கன்னி வடமொழிக் 'கன்யா' என்பதோடு தொடர்புடையது. நிறப்பெயராகிய கன்னியும் அச்சொல்லே, பொருள் மட்டும் விரிந்தது என்று கூறுதற்கு இடைப்பட்ட பொருள்நிலை ஒன்றும் கிடைக்கவில்லை. ஆதலின் இரண்டும் ஒருசொல் அல்ல, ஓருருவாய் முடிந்த இருசொற்கள் என்று கருத இடமுண்டு.

தமிழில் 'கன்றுதல்' என்னும் வினை, வெயிலாலோ அடியாலோ வெம்மையாலோ நிறம் கருகுதலையும் கருஞ்செம்மை அடைதலையும் உணர்த்தும். அடிபட்ட இடம் கன்றிற்று என்பது நூல்வழக்கு. கன்னிப்போயிற்று என்பது நாடறிந்த பேச்சுவழக்கு. னகர றகர மயக்கம் னகர இரட்டையாதல் பேச்சுத்தமிழின் பொதுவிதி. கன்று கன்னு எனவும், ஒன்று ஒன்னு எனவும், பன்றி பன்னி எனவும் வழங்குதல் காண்க. பன்றி பன்னியானாற்போலக் 'கன்றி' என்பது கன்னியாகும். கன்றிய நிறமுடையது கன்றி; அதுவே கன்னி எனக் கொண்டால், வடிவும் பொருளும் ஒருங்கு பொருந்துகின்றன. கார் என்பதிலிருந்து காரி தோன்றினாற்போல இகர ஈற்றுப் பெயராதலும் இயைபுடையதே.

இம்முடிபை யாம் துணிபாக அன்றிக் கருத்தாகவே முன்வைக்கிறோம். ஒலியொப்புமை ஒன்றையே பற்றிச் சொற்பிறப்புக் கூறுதல் ஏதம் பயக்கும். நாயின் பெயர்களுள் ஒன்றாகிய சுணங்கன் என்பதை உடலிற் படர்ந்த சுணங்கோடு இயைத்துப் புள்ளிநாய் எனப் பொருள்கொள்ள எவருக்கும் ஆவல் எழும். வடமொழிச் 'சுனகம்' குறுக்கே நிற்றலின் அவ்வாவலை அடக்குதல் வேண்டும். கன்னிக்கும் அவ்வடக்கம் தேவை. கன்றுதல் என்னும் வேர் பொருந்தினும் பொருந்தாவிடினும், கன்னி நிறக்குறிப்பெயர் என்னும் முடிபு அதனைச் சார்ந்து நிற்கவில்லை. அம்முடிபுக்கு ஆதாரம் வழக்கு. ஆட்டுக்கும் நாய்க்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒப்ப வழங்கும் வழக்கு.

8. புறநகரில் பொருள் மாறிய வகை

அங்ஙனமாயின் மணமகள் என்னும் பொருள் எங்ஙனம் புகுந்தது? சொல் இடம்பெயர்ந்தமையே காரணம் என்க. கரிசல் நிலத்தில் கன்னி என்னும் சொல் தனித்து வழங்கவில்லை. பால்கன்னி, செங்கன்னி, கன்னிக்கிடாய் என்னும் சுற்றத்தோடு வழங்கிற்று. சிவகாசி, இராசபாளையம், சங்கரன்கோவில் வழியாக வரும் பொதிகை விரைவு வண்டி தாம்பரத்தில் நின்று செல்கிறது. தென்மாவட்டத்து மக்கள் தொழிலும் கல்வியும் கருதி இப்புறநகர்களில் குடியேறினர். அவர்தம் நாட்டு நாய்களும் காலப்போக்கில் ஈண்டுப் பரவின. நாய் வந்தது, ஆட்டுமந்தை வரவில்லை. சொல் தன் சுற்றத்தைத் தென்னாட்டில் விட்டுத் தனியே வந்து சேர்ந்தது.

நகரத்தார் செவியில் கன்னி என்றால் கன்னிப்பெண்ணே தோன்றும். சொல்லின் பொருள் விளங்காதபோது, தமக்குத் தெரிந்த சொல்லோடு அதனை இயைத்துக் கதை புனைந்து பொருள் காணுதல் மக்கள் இயல்பு. சொற்பிறப்பு மறைதலுக்குத் தாம்பரத்தை அடுத்த பல்லாவரமே சான்றாகும். பல்லவபுரம் என்பதே பல்லாவரம் எனத் திரிந்தது. அப்பெயரை நாள்தோறும் வழங்குவோர்க்குப் பல்லவர் நினைவு வருவதில்லை. பெயர் நிற்க, பொருள் கழன்றது. கன்னியிலோ கழன்ற பொருளின் இடத்தில் வேறு பொருள் வந்து குடியேறியது. நாயை விற்பார்க்கும் வாங்குவார்க்கும் நிறப்பெயரினும் மணமகள் கதை சுவையுடைத்தாதலின், அது விரைந்து பரவியது.

இடத்தாற் பெற்ற பெயர்கள் அரசு வழக்கில் எளிதில் நிலைபெற்றன என்பதும் கருதத்தக்கது. தமிழக அரசின் கால்நடைத் துறை சைதாப்பேட்டையில் நாட்டு நாய்களுக்கெனத் தனி இனப்பெருக்கப் பிரிவு ஒன்றை நடத்தியது. ஆண்டு நாய்கள் பெரும்பாலும் ஊர்ப்பெயராலேயே அறியப்பட்டன. 2005 சனவரி 9-ஆம் நாள் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாய்வகை அஞ்சல்தலைகள் நான்கனுள் ஒன்று இராசபாளையம். 2020 ஆகத்து 30-ஆம் நாள் தலைமையமைச்சர் வானொலியில் ஆற்றிய உரையில் இராசபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என நான்கும் தனித்தனி இனங்களாக எண்ணப்பட்டன. இவ்வாறு நிறப்பெயரும் ஊர்ப்பெயரோடு ஒருநிரையில் நின்று இனப்பெயர் என்னும் மதிப்பைப் பெற்றது.

வேட்டை மறைந்தமையும் இதற்குத் துணைசெய்தது. 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் வேட்டை குற்றமாயிற்று. நாயின் தொழில் நீங்கவே, தொழிலறிந்து நாயை வகுத்த வேட்டைக்காரர் சொற்களும் அருகின. எஞ்சிய பெயர்களுக்கு வேட்டையறியாதார் பொருள் கூறும் நிலை வந்தது.

9. பெயரும் இனமும்

இம்முடிபால் விளையும் பயன் யாது? கன்னி நிறப்பெயராயின், ஓரீற்றுக் குட்டிகளுள் கருமையும் பழுப்பும் பெற்றதைக் கன்னி என்றும், ஏனை நிறம் பெற்றதைச் சிப்பிப்பாறை என்றும் பிரித்தல் நேரும். அப்பிரிவு உடன்பிறந்தாரைச் சட்டையின் நிறம்பற்றி இருகுடியினர் ஆக்குதல் போல்வது. கருநாலில் உள்ள தேசிய விலங்கு மரபுவளப் பணியகம் இராசபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் நாயினங்களாகப் பதிவு செய்துள்ளது. வெள்ளாடுகளுள் கன்னி ஆட்டைப் பதிவு செய்துள்ளது. ஆட்டில் நிறப்பெயர் இனப்பெயராகவே நிலைபெற்றுவிட்டதை இது காட்டும். எனவே நிறத்தாற் பெயர்பெற்றது தனியினம் ஆகாது என்றும் மொழியைக்கொண்டு சாதித்தல் இயலாது. இனமா அன்றா என்பதை உடலளவும் மரபணுவும் வளர்ப்பு வரலாறுமே தீர்த்தல் வேண்டும். பெயரின் பொருளைக் காட்டி 'மணமகளுக்கெனத் தனித்துப் பேணப்பட்ட இனம்' என்று வழக்காடுதல் மட்டும் இனி நில்லாது.

பெயரால் இனம் மயங்குதல் தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. கருநாடகத்து வேட்டைநாய் ஒன்றை இந்தியக் கென்னல் கிளப் 'காரவான் அவுண்டு' என்றும், இந்திய தேசியக் கென்னல் கிளப் 'முதோள் அவுண்டு' என்றும் பதிவுசெய்கின்றன. ஆண்டு ஒருநாய்க்கு இருபெயர். ஈண்டு ஒருநாயின் நிறப்பெயரும் ஊர்ப்பெயரும் இரண்டு நாய்களைத் தோற்றுவித்தனவோ என்பது வினா. இரண்டிலும் பெயரை முதலில் தெளிந்தாலன்றிப் பொருள் தெளியாது.

இவ்வினா ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. எண்ணிக்கையிற் குறைந்த நாய்களை நிறம்பற்றிப் பிரித்துத் தம்முள் மட்டும் இணைசேர்த்தால் நெருங்கிய உறவுச்சேர்க்கை மிகும், குறைபாடுகள் தலைதூக்கும். இராசபாளையம் நாயில் தூய வெண்மையையே விரும்பித் தெரிந்தெடுத்தமையோடு செவிட்டுத்தன்மை தொடர்ந்து வந்தமை வளர்ப்போர் அறிந்ததே. நிறப்பெயரை இனப்பெயர் என மயங்கும் மயக்கம் ஒரு சொல்லைக் கெடுப்பதோடு அமையாது, உயிரையும் நலிவிக்கக்கூடும்.

10. முடிவுரை

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை வெளிவந்து, தமிழ்ச்சொல் வளத்தின் பெருங்களஞ்சியமாய் விளங்குகிறது. 1982-இல் கி. இராசநாராயணன் வெளியிட்ட வட்டார வழக்குச் சொல்லகராதி கரிசல் நிலத்துச் சொற்களுக்கு மதிப்பளித்தது. இவற்றின் வழியில், இடையரும் வேட்டைநாய் வளர்ப்போரும் வழங்கும் நிறப்பெயர், குறிப்பெயர், நடைப்பெயர், வயதுப்பெயர் யாவும் விலங்கின் படத்தோடும் வழங்கும் ஊரோடும் தொகுக்கப்படல் வேண்டும். சொல்லை மட்டும் எழுதி விலங்கைக் காட்டாவிடின் மயிலை, பிள்ளை, போரை, கன்னி என்பன பின்வருவோர்க்குப் புதிராகவே அமையும்.

இப்பணி தமிழ்த்துறையார் தனித்து முடிக்கத்தக்கதன்று. தாம்பரத்தில் 1937 முதல் இயங்கிவரும் கிறித்தவக் கல்லூரியில் தமிழ் பயிலும் மாணவரும், அதற்குத் தெற்கே காட்டுப்பாக்கத்தில் உள்ள முதுநிலைக் கால்நடை அறிவியல் ஆராய்ச்சி நிலையத்தில் விலங்கு நூல் பயிலும் மாணவரும் ஒரே நெடுஞ்சாலையில் அமைந்தவர்கள். முன்னவர் சொல்லறிவர்; பின்னவர் விலங்கறிவர். இருசாராரும் கூடிக் கரிசல் நிலத்து முதிய இடையரிடம் சென்று கேட்டு எழுதுவராயின், கன்றி என்னும் பழவடிவம் யாண்டேனும் எஞ்சியுள்ளதா என்பதும் தெளிவாகலாம்.

இதுகாறும் கூறியவற்றால், வேட்டைநாய்ப் பெயராகிய கன்னி மகளிரைக் குறித்ததன்று என்பதும், கரிய உடலில் வேறுநிறக் குறி அமைந்த தோற்றத்தைக் குறித்தது என்பதும், கன்னி ஆட்டின் பெயரும் நாயின் பெயரும் ஒன்றே என்பதும், மணமகள் விளக்கம் சொல் தன் நிலத்தை விட்டு நீங்கிய பின்னர் எழுந்தது என்பதும் பெறப்பட்டன. நகரத்து வாயிலிற் படுத்திருக்கும் கரிய நாய்க்கும் விளாத்திகுளத்துக் காட்டில் மேயும் கரிய ஆட்டுக்கும் பெயர் ஒன்றாயிருத்தல் தற்செயலன்று. இரண்டையும் ஒருவனே கண்டான், ஒருவனே பெயரிட்டான்.